உபரி: தேக்கு நாற்காலி ஒன்று

8 ஜூன் 1987, திங்கள்

வேலம்மாள் மறுபடியும் மிளகு டப்பாவைச் சீரக டப்பாவின் இடத்தில் வைத்திருக்கிறாள். கேட்டால், "ரெண்டும் கொயம்புக்குத்தானம்மா போவுது" என்கிறாள். வீட்டு வேலைக்கு வந்தவள் எனக்குச் சமையல் தத்துவம் சொல்கிறாள்.

கான்வென்ட்டில் எங்கள் மாசேர் (கன்னியாஸ்திரீகளை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) ஒவ்வொரு கரண்டியிலும் எண் வெட்டி வைத்திருந்தார். என்னுடையது முப்பத்திரண்டு. இன்னொருத்தியின் கரண்டியால் நான் சாப்பிட்டதே இல்லை.

காலை வண்டி தாமதம். வண்டி தாமதமாகலாம். நான் ஆனதில்லை. இதுவரை ஒரு ரயிலையும் தவறவிட்டவள் இல்லை நான்.

10 ஜூன், புதன்

சேதுராமன் வந்து வாசலில் நின்றான். மளிகைக்கடைக்காரன். நம் ஆலங்கொல்லை ஹால்ட்டில் கமிஷனுக்கு டிக்கெட் விற்பவனும் அவனே. ஹால்ட்டுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. புளி நிறுத்த கையோடு ஓடிப்போய் டிக்கெட் கிழித்துக் கொடுப்பான். நம்மூர் டிக்கெட் எல்லாம் புளி வாசனை.

"அம்மா, ரயில்வேல கம்ப்யூட்டர் வாங்கிக்கிறாங்களாம். எந்த ஸ்டேஷன்ல இன்னா சாமான் கீதுன்னு எல்லாத்தையும் அதுல ஏத்தப் போறாங்க. சாமான் இல்லாத ஸ்டேஷன மூடிடுவாங்களாம்."

"நம் ஹால்ட்டில் என்ன இருக்கிறது?"

"நான்தாம்மா கீறேன்."

உண்மை. ஒரு தகரக் கொட்டகை, ஒரு பெயர்ப்பலகை, சேதுராமன். பெஞ்சு ஒன்று இருந்தது. ஒரு போகியன்று எரிந்துபோனது. யார் எரித்தார்கள் என்று ஊருக்கே தெரியும்; அதனால் யாரும் கேட்பதில்லை.

கம்ப்யூட்டர் செய்வது சரிதான். பொருளை எண்ணாமல் எப்படிப் பராமரிப்பது? மாசேர் இருந்திருந்தால் கை தட்டியிருப்பார். ஆனால் எங்கள் ஹால்ட்டை மூடுவது வேறு விஷயம். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தபோது என் வீட்டுக்காரர் எழுதி எழுதி வாங்கியது இது. ஒவ்வொரு மனுவும் தேக்கு நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் பலகை வைத்து எழுதியது. அவர் போன பிறகும் வண்டி இங்கே ஒரு நிமிஷம் நிற்கிறது. அது அவருக்காகவே நிற்பதாக எனக்குள் ஒரு நினைப்பு. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

13 ஜூன், சனி

கோவிந்தராஜ் டீக்கடையில் ஊர்க்கூட்டம். நான் உள்ளே போகவில்லை. குடை பிடித்து வெளியில் நின்று கேட்டேன்.

சேதுராமன் சொன்னான்: "ரயில்வே ஆளு வர்றத, பொண்ணு பாக்க வர்ற மாதிரி நெனச்சிக்கங்க."

அது போதும் நம்மூருக்கு. ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தால் தெருவே சாமான் கொடுக்கும். ஜமுக்காளம் ஒரு வீடு, வெள்ளித் தட்டு ஒரு வீடு. வந்தவர்கள் அசந்துபோக வேண்டும். போன பிறகு அவரவர் பெயர் வெட்டிய பாத்திரத்தை அவரவர் தூக்கிக்கொண்டு போவார்கள்.

எதிர் வீட்டுக்காரி சின்னப்பிள்ளை எழுந்தாள். கரும்பு வெட்டுக்கு ஆள் கூப்பிடும் குரல். "எங்க வூட்டு செம்பு அண்டாவ தர்றேன். கொம்யூன்லயே அப்பிடி ஒரு அண்டா கெடயாது. சில வூட்ல நாலு எயுத்து படிச்சவங்க கீறாங்க, அண்டா இல்ல."

நானும் அவளும் நேருக்கு நேர் பேசுவதில்லை. அவள் வீட்டுச் சாக்கடைத் தண்ணீர் என் வாசலில் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து பேச்சு நின்றது. தேவை ஏற்பட்டால் வேலம்மாளை நடுவில் நிறுத்தி, அவளிடம் சொல்லுவோம். இரண்டடி தூரத்தில் மற்றவள் கேட்டுக்கொள்வாள்.

நான் ஒரு பழைய முக்காலி கொடுப்பதாகத்தான் நினைத்திருந்தேன். ஆனால் வாய் சொன்னது: "வேலம்மா, எங்கள் வீட்டுத் தேக்கு நாற்காலி வருகிறது என்று அவர்களிடம் சொல்."

ஏன் சொன்னேன்? எனக்கே தெரியவில்லை. அந்த நாற்காலியில் அவருக்குப் பிறகு நான் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

19 ஜூன், வெள்ளி

நாளை ரயில்வே ஆள் வருகிறார். ஹால்ட்டைப் போய்ப் பார்த்தேன். கோவிந்தராஜ் கடை பெஞ்சு. சின்னப்பிள்ளையின் அண்டா, புளி போட்டுத் தேய்த்து, கண் கூசுகிறது. கோயில் பெட்ரோமாக்ஸ். ஆள் உயரக் கண்ணாடி ஒன்று. யார் வீட்டதோ ஊஞ்சல் பலகை. நடுவில் என் நாற்காலி. அதற்கு ஒரு கால் சற்றுக் குட்டை. எப்போதும் காகிதம் மடித்து வைப்பேன். இன்றும் வைத்தேன்.

சேதுராமன் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தான். அவிழ்க்கச் சொன்னேன். எதற்கும் ஒரு அளவு வேண்டும்.

20 ஜூன், சனி

வந்தவர் பெயர் நாகராஜன். வியர்த்த மனிதர். கையில் வெள்ளைப் பெயிண்ட், எண் வெட்டிய தகரங்கள். இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது ஹால்ட்டா, ஜமீனா?"

"பாசஞ்சருங்க நல்லா இருக்கணும்னு நெனைக்கிற ஊரு சார்," என்றான் சேதுராமன்.

அண்டாவில் வெட்டியிருந்த "சி.பி." என்ற எழுத்தைத் தடவிப் பார்த்தார். "இது என்னப்பா?"

"சென்ட்ரல் பிராப்பர்ட்டி சார்."

சின்னப்பிள்ளைக்கு இருமல் வந்துவிட்டது. எனக்கும்.

எல்லாவற்றிலும் எண் அடித்தார். என் நாற்காலியின் முதுகில் அடிக்கும்போது நான் வேறு பக்கம் பார்த்தேன். எண் நேராக விழுந்ததா என்று மட்டும் பிறகு பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. நல்ல வேலைக்காரர்.

பெஞ்சில் பெயிண்ட் காய்வதற்குள் பால்கார பச்சையப்பனின் செவலைப் பசு வந்து அதில் முதுகைத் தேய்த்தது. அதன் விலாவில் இப்போது எண் இருக்கிறது, தலைகீழாக. பெஞ்சில் இல்லை. நாகராஜன் அதற்குள் வண்டி ஏறிவிட்டார்.

21 ஜூன், ஞாயிறு

சாமான்களை வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாதாம். சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் சரிபார்க்க வருவாராம். பெண் பார்த்துப் போனார்கள், பாத்திரம் திரும்பவில்லை.

முக்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதுகு வலி.

2 ஜூலை, வியாழன்

சரிபார்ப்பவர் வந்து போனாராம். வண்டி நின்ற ஒரு நிமிஷத்தில் எண்களை மட்டும் எழுதிக்கொண்டு அதே வண்டியில் ஏறிவிட்டார். பெஞ்சில் எண் காணவில்லை என்று தேடியிருக்கிறார். பசு எதிரில் நின்றிருக்கிறது. எண் எதன்மேல் இருந்ததோ அதன் பெயரையே எழுதிக்கொண்டார். அவர்மேல் குற்றமில்லை.

14 ஜூலை, செவ்வாய்

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பென்ஷன்காரர்கள் கொடி ஏற்றும் நாள். அவர் இருந்தபோது போய்ப் பார்ப்போம். இன்று மாலை ஹால்ட்டுக்குப் போனேன், என் நாற்காலியில் சற்று உட்கார. வெளியூர்க்காரன் ஒருவன் காலை ஆட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான்.

"எழுந்திருங்கள்," என்றேன்.

"ஏம்மா, ரயில்வே சேரு. உங்க வூட்டு சேரா?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கினேன். தோல் எல்லாம் கீழே. கூட்டச் சொல்லி சேதுராமனைக் கூப்பிட்டேன்.

3 ஆகஸ்ட், திங்கள்

கம்ப்யூட்டர் காகிதம் வந்தது. ஓரமெல்லாம் ஓட்டை போட்ட, மடித்து மடித்து நீளும் காகிதம். எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்து. சேதுராமன் என்னிடம்தான் கொண்டுவந்தான். கடை முன்னால் நின்று உரக்கப் படித்தேன்.

ஆலங்கொல்லை ஹால்ட்டை இப்போதைக்கு மூட வேண்டாம். கைதட்டினார்கள். டிக்கெட் விற்பனையை வருஷக் கடைசியில் பார்த்து முடிவு செய்யப்படும். கைதட்டல் நின்றது. இந்தத் தரத்து ஹால்ட்டுக்கு ஒரு பெஞ்சு, ஒரு விளக்கு, ஒரு மண்பானை போதும். மீதி உபரி. உபரியைப் பற்றாக்குறை உள்ள ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். நாற்காலி, அண்டா, ஊஞ்சல் பலகை, கண்ணாடி எல்லாம் ஜங்ஷன் வெயிட்டிங் ரூமுக்கு. பெஞ்சில் எண் இல்லாததால் அது யாருடையது என்றே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. அதுவும் ஜங்ஷனுக்கே.

கடைசி வரி: "பசு, ஒன்று. வருஷத்துக்கு ஒரு முறை சாம்பல் நிறப் பெயிண்ட் அடிக்கவும்."

பச்சையப்பன் கேட்டான்: "கொம்புக்கும் அடிக்கணுமாம்மா?"

11 ஆகஸ்ட், செவ்வாய்

நாளை சாமான்களை ஏற்றுகிறார்கள்.

பெரிய ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நாற்காலி என்னுடையது, என் வீட்டுக்காரர் உட்கார்ந்தது, என்று. ஆங்கிலத்தில் தொடங்கி கோபத்தில் பிரெஞ்சுக்குப் போய்விட்டேன். அழகான கடிதம். ஒரு பிழை இல்லை.

சேதுராமன் வந்து கெஞ்சினான். "நாற்காலி உங்களுதுன்னு சொன்னா அண்டா யாருதுன்னு கேப்பாங்க. அப்பறம் எல்லாம் கடன் வாங்குன சாமான்னு தெரிஞ்சிடும். ஹால்ட்ட இயுத்து மூடிட்டுப் பூடுவாங்கம்மா. ஐயா வாங்கிக் குடுத்தது."

அந்தக் கடைசி வார்த்தையை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நாற்காலியா, ஹால்ட்டா? ஒன்றில் உட்கார்ந்தார். இன்னொன்றை உட்கார்ந்து வாங்கினார். இதில் எது அவர்?

கடிதத்தைக் கிழித்தேன். வேலம்மாள் அடுப்பில் போட்டாள். "நல்லா எரியுதும்மா," என்றாள். பிரெஞ்சு அல்லவா.

12 ஆகஸ்ட், புதன்

ஏற்றிவிட்டார்கள். நான் போகவில்லை.

பெயிண்ட் அடிக்கப் பசுவைக் கேட்டார்களாம். வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளித்துவைத்து, "மேய்ச்சலுக்குப் போய்க்கீது" என்று எழுதிக் கொடுத்திருக்கிறான் சேதுராமன். சாம்பல் பெயிண்டு டப்பா மட்டும் வந்து இறங்கியிருக்கிறது.

20 ஆகஸ்ட், வியாழன்

முக்காலி.

22 ஆகஸ்ட், சனி

ஜங்ஷனுக்குப் போனேன். நாற்காலியைப் பார்க்க அல்ல. கண் டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. டாக்டர் சனிக்கிழமை வருவதில்லை என்பது போன பிறகு நினைவுக்கு வந்தது. சரி, வந்தது வந்தோம் என்று வெயிட்டிங் ரூமை எட்டிப் பார்த்தேன்.

நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது. காகிதம் இல்லை. ஆடும் நாற்காலியில் ஒரு மனிதர் தூங்கிக்கொண்டிருந்தார். கைப்பையில் தற்செயலாக மடித்த காகிதம் இருந்தது. அவர் எழுந்து போகும்வரை நின்று, காகிதத்தை வைத்து, உட்கார்ந்தேன்.

மூலையில் கரகரவென்று சத்தம். சின்னப்பிள்ளை. முந்தானையை இடுப்பில் செருகி, புளியும் சாம்பலும் போட்டு அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அதே வண்டியில், வேறு பெட்டியில் வந்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நடுவில் நிறுத்த வேலம்மாள் இல்லை.

சின்னப்பிள்ளை அங்கிருந்த வெயிட்டிங் ரூம் ஆயம்மா கஸ்தூரியைக் கூப்பிட்டாள். "ஏம்மா, அந்தம்மாகிட்ட சொல்லு. திரும்பி போற வண்டி நாலு மணிக்கு."

நான் கஸ்தூரியிடம் சொன்னேன்: "எனக்குத் தெரியும் என்று சொல்."

கஸ்தூரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னாம்மா இது, ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கீது?"

29 ஆகஸ்ட், சனி

கண் டாக்டர் இன்றும் இல்லை.

5 செப்டம்பர், சனி

வண்டியில் நம்மூர்க்காரர்கள் அதிகம். ஊஞ்சல் பலகைக்கு விளக்கெண்ணெய் தடவ ஒரு மாமியாரும் மருமகளும். கண்ணாடியைத் துடைக்க ஒரு குடும்பம். அந்த வீட்டுப் பெண்கள் தலை வாரிக்கொள்வதே இப்போது ஜங்ஷனில்தானாம். கோவிந்தராஜ் தன் பெஞ்சைப் பார்க்க வந்து, அதன் பக்கத்திலேயே தூக்குவாளியில் டீ விற்றான். "பெஞ்சு என்னுது, டீ என்னுது. கடைய மட்டும்தாம்மா ஊர்ல வுட்டுட்டு வந்துக்கிறேன்."

சேதுராமனிடம் டிக்கெட் தீர்ந்துவிட்டது. அப்படி ஒன்று நடக்கும் என்று அவனும் நினைக்கவில்லை, டிக்கெட் அனுப்புகிறவர்களும் நினைக்கவில்லை.

3 அக்டோபர், சனி

பெட்டியில் ஒரே ஒரு இடம் இருந்தது. சின்னப்பிள்ளையின் பக்கத்தில். நின்றேன். வில்லியனூர் வரும்வரை நின்றேன். எனக்குக் கால் வலிக்கிறது என்பதை யாருக்கும் காட்டவில்லை.

"ஒக்காரு அக்கா. நாற்காலி இல்லன்னா ஒக்கார மாட்டியா?"

என்னைத்தான். நேராக. கஸ்தூரியும் இல்லை, வேலம்மாளும் இல்லை.

உட்கார்ந்தேன். பிறகு அவளே: "அந்த சாக்கடத் தண்ணிய போன பொங்கலுக்கே வேற பக்கம் திருப்பி வுட்டுட்டேன். பாத்தியா?"

"பார்த்தேன்."

"பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லலயே."

"வேலம்மாளிடம் சொன்னேன்."

"அவ எங்க எங்கிட்ட சொன்னா? மொளகு டப்பாவையே எங்க வெக்கறதுன்னு தெரியாதவ." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரயிலில், எல்லார் முன்னிலையிலும். அந்த விஷயம் இவளுக்கு எப்படித் தெரியும்? எதிர் வீட்டில் இருந்துகொண்டு என் சமையலறை வரை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

நானும்தான் அவள் வீட்டுச் சண்டையெல்லாம் கேட்பேன்.

24 அக்டோபர், சனி

தீபாவளிப் பலகாரம் எடுத்துப்போனேன். சின்னப்பிள்ளையும் கொண்டுவந்தாள். அவள் அதிரசம் நன்றாக இருந்தது. "பரவாயில்லை," என்றேன். கஸ்தூரிக்கு இரண்டு வீட்டுப் பலகாரமும். இரண்டும் நன்றாக இருக்கிறது என்கிறாள். அவளுக்கு எதிலும் ஒரு தீர்மானம் கிடையாது.

9 நவம்பர், திங்கள்

நாகராஜன் வந்தார். நேராக என் வீட்டுக்கு. முக்காலியில் உட்காரவைத்தேன். வேறு இல்லை.

"கம்ப்யூட்டர் ஒண்ணும் புரியாம முழிக்குதும்மா," என்றார். "இந்த லைன்லயே டிக்கெட் அதிகமா ஏறின ஹால்ட்டு உங்களுதுதான். இனிமே மூடற பேச்சே கிடையாது. சாயங்கால வண்டியும் இங்க நிக்கப் போவுது."

வேலம்மாள் காப்பியை அப்படியே கீழே வைத்துவிட்டு ஊருக்குச் சொல்ல ஓடிவிட்டாள். சுவரில் இருக்கும் அவர் படத்தைப் பார்த்தேன். சாயங்கால வண்டியை அவர் கேட்டிருக்கிறார். மூன்று மனுவில்.

நாகராஜன் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, சி.பி.ன்னா இன்னான்னு கஸ்தூரி சொல்லிடுச்சு. அந்த அண்டா யாரு வூட்டுது, நாற்காலி யாரு வூட்டுது, எல்லாம். பசு சமாச்சாரமும்."

எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

அவர் காப்பியை ஒரு வாய் குடித்தார். "இதெல்லாம் ஏத்த கம்ப்யூட்டர்ல இடம் இல்லம்மா. டிக்கெட் வித்தது நெஜம்தானே? அது போதும். ஜங்ஷனுக்கு பிளாஸ்டிக் சேரு வருது. பழசெல்லாம் மறுபடி உபரி. நீங்க ஒரு வார்த்த சொன்னா உங்க நாற்காலிய வூட்டுக்கே அனுப்பிடறேன். நாளைக்கு சொல்லுங்க."

10 நவம்பர், செவ்வாய்

யோசித்தேன். நாற்காலி வந்தால் முதுகுவலி போகும். இந்த மூலையில், ஜன்னல் பக்கம், பழைய இடத்தில் இருக்கும். நான் அதில் உட்கார்ந்து இந்த நாட்குறிப்பை எழுதுவேன். திங்கள், செவ்வாய், புதன். சனியும்.

சனியும் இங்கேயேவா?

நாகராஜனிடம் சொல்லிவிட்டேன். எண் போட்ட பொருள் எண் போட்ட இடத்தில்தான் இருக்க வேண்டும். வேண்டுமானால் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று குறைவாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று. ஒழுங்கு என்றால் அதுதான் என்றும் சொன்னேன். அவர் நம்பிவிட்டார்.

வேலம்மாள் நம்பவில்லை. "அப்ப சனிக்கியம மதியம் எனக்கு லீவுதானம்மா?" என்றாள்.

சின்னப்பிள்ளையையும் கேட்டாராம். "அண்டா அங்கியே இருக்கட்டும், எங்க வூட்ல வெக்க எடம் இல்ல" என்றாளாம். அவள் வீட்டில் நெல் மூட்டை அடுக்கவே ஒரு கூடம் இருக்கிறது.

21 நவம்பர், சனி

மழை. சின்னப்பிள்ளைக்கு முழங்கால் வலி. அண்டாவைத் தேய்க்கவும் முடியாமல் சுவரைப் பிடித்து நின்றாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் வழுக்குகிறதாம்.

என் நாற்காலியைக் காட்டினேன்.

"அதுல வேற யாரும் ஒக்காரக் கூடாதுன்னுவியே."

"காகிதம் வைத்திருக்கிறேன். ஆடாது. உட்கார்."

உட்கார்ந்தாள். கையை இரண்டு பக்கமும் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் வாய் திறந்தபடி தூங்கிவிட்டாள். அவளுடைய குறட்டையும் கரும்பு வெட்டுக்கு ஆள் கூப்பிடும் குரல்தான். நான் கோவிந்தராஜ் பெஞ்சில் உட்கார்ந்து அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, சும்மா இருக்கிறோமே என்று, கொஞ்சம் தேய்த்தும் விட்டேன்.

நாலு மணி வண்டி வந்தது. கஸ்தூரி ஓடிவந்து, "எயுப்பட்டுமாம்மா?" என்றாள்.

வேண்டாம் என்றேன்.

வண்டி போனது. சாயங்கால வண்டியில் வந்தோம். இப்போது அதுவும் நம்மூரில் நிற்கிறது.